மற்றவை எனில் குறிப்பிடவும்

மருந்தியல் துறையிலிருந்து ஒரு படிவம்.
பெயர் வேண்டாமாம்.
வயது, நாடு, தந்தையின் தொழில் போதுமாம்.
குடிப்பவர் பகுதி அ. குடிக்காதவர் பகுதி ஆ.
மதம், சட்டம், உடல்நலம், பணம், பெற்றோர், ருசி:
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னச் சதுரம்
விலைபோகாத மனை மாதிரி.

வியாழன் இரவை இதில் எங்கே வைப்பது?

ஷார்ஜாவில் கிடைக்காது என்பதால்
அஜ்மானைக் கடந்து உம் அல் குவைன் வரை போனோம்.
அப்பாவின் பழைய சன்னி.
பின்னால் நெருக்கியடித்து தேவசகாயம், மைதிலி, இஜ்லால்.
முன் இருக்கை அட்டைப்பெட்டிக்கு.
அதன் கனத்தை ஆளென்று நினைத்து
கார் கூவிக்கொண்டே வந்தது.
சிவப்பு சிக்னலில் பெல்ட் மாட்டிவிட்டேன். அடங்கியது.

கழிமுகத்தில் ஈரம் பிசுபிசுத்தது.
அலையாத்திச் செடிகளுக்கு அப்பால்
யாரோ மீன் சுடும் புகை.

முதல் டின்னில் தேவா வேலைவாய்ப்பு பேசுவான்.
இரண்டாவதில் கிரிக்கெட்.
மூன்றாவதில்தான் அது வரும்:
"இங்கேயே பொறந்தேன்.
இருபத்தோரு வருஷமா ரெண்டு வருஷத்துக்கொருமுறை
என்னைப் புதுப்பிக்கிறாங்க.
தப்பு பண்ணாத, விசா போயிடும்னு சொல்லியே வளர்த்தாங்க.
ஒரு தப்பாவது எனக்குச் சொந்தமா இருக்கட்டுமே."

மைதிலிக்கு அதன் ருசி பிடிக்கவே இல்லை.
இருமல் மருந்து என்று முகம் சுளித்தாள்,
மறுபடி ஒரு மடக்கு குடித்தாள்.
அவளுடைய அம்மா போனில் மூன்று அத்தைகளிடம்
"எங்க மைதிலி நல்ல பொண்ணு" என்று
ஒரே மூச்சில் சொன்ன வாரம் அது.

இஜ்லால் இரவு முழுக்க ஒரே டின்னை வைத்திருந்தான்.
போன் பேசுவதாகத் தண்ணீரோரம் போனான்.
மணல் குடிப்பதை நான் பார்த்தேன்.
திரும்பி வருகையில்
எங்கள் எல்லாரையும்விட அழகாகத் தள்ளாடினான்.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை,
தொப்பியை மட்டும் சரிசெய்துகொண்டான்.

நானா?
சாமி இல்லை, கல்லீரல் இல்லை, அப்பாவும் இல்லை.
சாவி என்னிடம் இருக்கிறது, அதனால் என்று
எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவும் பொய்.
எல்லாரும் இளகிய பிறகு
நான் மட்டும் கெட்டியாக இருப்பது பிடித்திருக்கிறது.
அவர்கள் சிந்துவதைப் பொறுக்கி வைத்துக்கொள்கிறேன்.
மறுநாள் கான்டீனில் தேவா கேட்பான்,
"ஏதாவது உளறினேனா?"
"ஒண்ணுமில்லையே" என்பேன்.
அந்த ஒண்ணுமில்லையில்
எனக்கு உச்சிவரை ஏறும்.
இதை ஒழுக்கம் என்று யாராவது பாராட்டும்போது
கொஞ்சம் கூசும். பிறகு சரியாகிவிடும்.

ஷார்ஜா எல்லைக்கு முன்னால்
பெட்ரோல் பங்க் குப்பைத்தொட்டியில் எண்ணிப் போட்டோம்.
வாங்கியது பன்னிரண்டு. இருந்தது பதினொன்று.
இருக்கைக்கடியில் துழாவினோம்.
மைதிலி சிரித்தாள், சிரித்து முடித்து அழுதாள்.
கிடைக்கவில்லை.
வலது தடத்திலேயே,
எண்பதைத் தாண்டாமல்,
கண்ணாடியில் தெரிந்த எல்லா விளக்கையும்
போலீஸென்று நினைத்தபடி வந்தேன்.

வெள்ளிக் காலை அப்பா ஓட்டினார். ஜுபைல் மீன் சந்தைக்கு.
முதல் ரவுண்டானாவில் பிரேக் போட்டதும்
அது உருண்டு வந்து
அவர் செருப்பில் இடித்து நின்றது.
திறக்காத டின்.

காரை ஓரம் கட்டினார்.
குனிந்து எடுத்தார்.
எழுத்தை முழுதாகப் படித்தார்,
கடையில் உதிரிபாகங்களின் எண்ணைப் படிப்பதுபோல.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் குடிப்பதில்லை என்று.
அப்புறம் யார் என்பார்.
அதற்கான பதில்கள் மூன்றும் என்னிடம் இருந்தன,
ஒன்றுகூட என்னுடையதல்ல.

கேட்கவில்லை.
பழைய செய்தித்தாளில் சுற்றினார்,
தொட்டியைத் தேடி வெயிலில் நடந்தார்.
திரும்பிவந்து கதவைத் திறந்து
கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"ஷேரி வாங்கவா, சங்கராவா?"

சங்கரா என்றேன்.
எல்லா ஜன்னல்களையும் இறக்கிவிட்டு
ஓட்டினார்.